ஈந்த ஓலைக்கு ஒரு மனு

1

"பொதுத் தோட்டத்திலுள்ள மரம், செடி, கொடி எதையும் குடியிருப்போர் வெட்டவோ ஒடிக்கவோ கூடாது. வெட்டவேண்டிய தேவை ஏற்பட்டால் நிர்வாகத்தின் முன் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். விண்ணப்பம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் பதில் தரப்படும்." எங்கள் குடியிருப்பின் உள்விதிகளில் விதி 11 இது. மொழிபெயர்ப்பு என்னுடையது, மூலத்தில் இவ்வளவு மரியாதை கிடையாது.

ஊரில் என்னோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் இந்தத் திருச்சபை மலரை இன்னும் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விதியை முதலில் சொல்லாமல் விஷயத்துக்குப் போனால் அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. விதியைச் சொல்லியாகிவிட்டது. இனி விஷயம்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செடி இந்த வாரம் மறுபடியும் குருத்து விட்டிருக்கிறது. போன வருடம் இதே நவம்பரில் அது விட்ட குருத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். மனைவி லீலாபாய், திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தாள். ஒரே மகன் பினு மெல்பர்னில் வேலை பார்க்கிறான். 2009இல் எங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டான். அவன் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் எட்டுச் சின்ன வீடுகள். அதில் கடைசி வீட்டை வாங்கி எங்களை வைத்திருக்கிறான். வீடு நல்ல வீடு. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வந்த அன்றைக்கே ஒரு படிவத்தோடுதான் இந்த நாட்டில் வாழ்க்கை தொடங்கியது. விமானத்தில் கொடுத்தார்கள். விதை, இலை, மரப்பொருள் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று குறித்தேன். லீலாவின் பெட்டியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ரப்பர் விதை, எங்கள் பேச்சில் ரப்பர் குரு, இருந்தது. பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் பொறுக்கி, சிவப்பும் தங்கமுமாகப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அலங்காரத்தில் கோத்து, எடுத்து வைத்து, பல வருடம் பழகிய விதைகள். அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உண்மையை எழுதியதற்கு நன்றி சொன்னார். பாட்டிலைக் கழிவுத் தொட்டியில் போட்டார்.

"நீங்க இல்லேன்னு எழுதியிருந்தா என்னவாம்?" என்று லீலா கேட்டாள்.

"பிடிச்சா தண்டனை."

"ரப்பர் குருவுக்கா?"

"குருவுக்கு இல்ல. பொய்க்கு."

அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

இங்கே எங்கள் நாளைச் சொல்ல ஒரு பத்தி போதும். காலையில் நான் காம்பவுண்டைச் சுற்றி நடப்பேன். வந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். தபால் பெட்டியில் கடைகளின் விளம்பரத் தாள்கள் வந்து கிடக்கும், எடுத்து வருவேன். மத்தியானம் சோறு. சாயங்காலம் பினு போன் செய்வான், காரில் போய்க்கொண்டே. பேச்சு பாதியில் இருக்கும்போது அவன் வீடு வந்துவிடும். "செரிப்பா, வைக்கேன்" என்பான். ஞாயிறு பேத்தி எய்மி வருவாள். பத்து வயது. நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். லீலாவுக்கு அந்தப் பதிலை நான் மொழிபெயர்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் இடையில் ஓர் எழுத்தர் தேவைப்படுகிறது.

3

போன வருடம் செப்டம்பரில் லீலாவின் கைவிறைப்புக்குப் பெயர் வைத்தார்கள். பார்க்கின்சன். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவர் போனில் தமிழில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் போலிருந்தது, அழகான தமிழ். "நுண்ணிய வேலைகள் முதலில் கடினமாகும்" என்றார்.

வெளியே வந்ததும் லீலா கேட்டாள்: "நுண்ணிய வேலைன்னா என்ன?"

"பொத்தான் போடுதது. ஊசியில நூல் கோக்குதது."

"ஓலை பின்னுதது?"

"அதுவும்தான்."

"எப்பம் போவும்?"

"அதுக்குத் தேதி சொல்லல்ல."

அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பஸ் வந்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒருநாள் காலை, சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "கேட்டியளா, இஞ்ச ஒண்ணு வாருங்க. இது நம்ம ஈந்து இல்லியா?"

ஈந்து என்றால் வெளியூர்க்காரர்கள் பேரீச்சையை நினைப்பார்கள். இது வேறு. எங்கள் மலையோரத்தில் பனைக்குச் சித்தப்பா மகன் மாதிரி நிற்கும் மரம். சீப்புப் போல நீண்ட ஓலை. வெட்டி வைத்தால் வாரக்கணக்கில் வாடாது. கோயில் வளைவு, கல்யாணப் பந்தல், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் அதுதான். ஜன்னலுக்கு வெளியே நின்றது அதன் குள்ளமான உறவு. மூன்று வருடமாக அங்கேயேதான் நின்றது. முள்ளும் முரடுமாக நின்றதால் நாங்கள் உறவு கொண்டாடவில்லை. அன்றைக்கு நடுவிலிருந்து புதுக்குருத்து ஒரு கொத்தாக எழும்பியிருந்தது. இளம்பச்சை. தொட்டால் துணி போல இருந்தது.

"நம்ம ஈந்துக்க தங்கச்சிதான்" என்றாள் லீலா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாயிற்று. "ஊர்ல உள்ளது முத்துனாலும் மடங்கும். இது இளசா இருக்கும்போ மட்டுந்தான் மடங்கும். ஒரு ஆறு ஓலை வெட்டித் தாருங்க. இப்பளே பின்னி, நனைஞ்ச துணியில பொதிஞ்சு வச்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்கும். இந்த வருசம் ஒண்ணு செய்யணும். அடுத்த வருசம் கை எப்பிடி இருக்குமோ."

"இது பொதுத் தோட்டம், லீலா. அனுமதி வாங்கணும்."

"நம்ம அடுக்களைக்கு நேரயில்லா நிக்கிது. நம்மளது தானே?"

"கண்ணுக்கு நேர நிக்குததெல்லாம் பட்டாவில வராது."

இந்த வாக்கியத்தை நான் என் உத்தியோகத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். எதிரே நிற்பவரின் வாய் அடைபடும். லீலாவின் வாயும் அடைபட்டது.

4

அவள் பின்னுவதை நான் ஒருபோதும் உட்கார்ந்து பார்த்ததில்லை. டிசம்பர் மாதம் பள்ளி விட்டதும் சபை ஹாலுக்குப் போய்விடுவாள். மலையிலிருந்து ஜீப்பில் ஈந்த ஓலை வந்து இறங்கியிருக்கும். ஏழெட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக இருப்பார்கள். ஓலையின் நுனியிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கத்து இலைகளையும் நடு ஈர்க்குக்குக் குறுக்கே மாற்றி மாற்றி மடக்கி வந்தால், அடியில் வரும்போது ஓலை முழுவதும் ஒரு சடைப் பின்னலாகிவிடும். அதை வளைத்து, வாழைநாரால் கட்டி, நடுவில் ரப்பர் விதைகளைத் தொங்கவிட்டால் வளையம். வாசலுக்கு ஒன்று, பீடத்துக்கு இரண்டு, தூணுக்கு ஒன்று.

மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் லீலா மூன்று முடிப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக நான் குடையோடு வாசலில் நிற்கும்போது பேச்சு காதில் விழும்.

"ஏட்டி லீலா, ஒனக்க விரல்ல என்ன மெஷினா வச்சிருக்க?"

"ஒனக்க வாயி ஓடுத ஓட்டத்துக்கு கை ஓடியிருந்தா நீயும் பின்னியிருப்ப, ஏட்டி."

"ஒனக்க சார் வந்து நிக்காரு. உள்ள வாறதுக்கு மனு எழுதிக் குடுக்கணுமாக்கும்?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஓர் ஓலையைக்கூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்பது என் பக்கத்து நியாயம்.

5

நவம்பர் 13ஆம் தேதி மனு எழுதினேன். பொருள்: கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக ஆறு ஓலைகள் வெட்ட அனுமதி கோருதல். பார்வை: விதி 11. செடி நிற்கும் இடம், ஓலைகளின் எண்ணிக்கை, வெட்டும் கருவி (சமையலறைக் கத்தரிக்கோல்), செடிக்கு ஊறு வராது என்ற உறுதிமொழி. "பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்பதையும் "ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்" என்பதையும் ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். நகலை மின்னஞ்சலில் படித்திருந்த பினு சாயங்காலம் போனில் சிரித்தான்.

"அப்பா, இங்க இப்பிடி ஒருத்தனும் எழுத மாட்டான். சும்மா போய் வெட்டுங்க. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்காததுக்குப் பேரு அனுமதி இல்ல, மக்கா."

"ஒங்கள மாத்த முடியாது" என்றான். அவன் வீடு வந்துவிட்டது.

நிர்வாகம் என்பது நகரத்தில் எங்கோ ஒரு மாடியில் இருக்கும் தனியார் அலுவலகம். மின்னஞ்சலில் மனு போன அதே நிமிடத்தில் பதில் வந்தது. மகிழ்ந்து திறந்தேன். உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு கணினி எழுதியிருந்தது. ஓர் எண்ணும் கொடுத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் தபால் வந்ததும் முத்திரை குத்தி எண் போடுவோமே, அதுதான். நல்ல நடைமுறை என்று லீலாவிடம் பாராட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு நாள் ஆயிற்று. பதினைந்தாம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன். இன்னோர் எண் வந்தது. டிசம்பர் முதல் வாரம் போன் செய்தேன். இளம் பெண் ஒருத்தி எடுத்தாள். விவரம் முழுவதையும் கேட்டாள். கடைசியில் "நோ வொரீஸ்" என்றாள்.

"அப்படியானால் அனுமதி கொடுத்தாயிற்றா?" என்று கேட்டேன்.

இல்லை, உரிய நபரிடம் சொல்கிறேன் என்றாள். உரிய நபர் யார் என்றேன். அவர் விடுப்பில் இருக்கிறார் என்றாள். பிறகு மறுபடியும் "நோ வொரீஸ்". ஊரில் நாங்கள் "பாத்துச் செய்யலாம்" என்று சொல்லி அனுப்புவோம். சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருக்கும், கேட்கும்போது எப்படி இருக்கும் என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

இதற்கிடையே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தானாக விழுந்த ஓலை வெட்டிய ஓலை ஆகாது. விதியில் விழுந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. காலை நடையில் செடியின் அடியில் கிடந்த பழைய ஓலைகள் நாலைந்து பொறுக்கி வந்து மேசையில் வைத்தேன். லீலா ஒன்றை எடுத்து மடக்கினாள். அப்பளம் போல நொறுங்கியது.

"ஒணங்குனது ஒடியத்தான் செய்யும்" என்றாள். துண்டுகளைக் கூட்டி அள்ளி வெளியே போட்டாள்.

6

சேவியர் என்ற மனுதாரர் ஒருவர். புதுக்கடைக்கு அப்புறம் கடற்கரை ஊர்க்காரர். என் உத்தியோகத்தின் நடுக்காலம் அது. கால்வாய்க்கரைப் புறம்போக்கில் நின்ற ஈந்திலிருந்து தங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் வளைவுக்கு ஓலை வெட்ட அனுமதி கேட்டு, நவம்பர் மாதமே மனு கொண்டுவந்தார். நான் அதை முறைப்படி கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைக்கு அனுப்பினேன். அவர் வருவாய் ஆய்வாளருக்கு அனுப்பினார். கரை வேறு துறையின் பராமரிப்பு என்பதால் அவர்களின் கருத்தும் கேட்டோம். ஒவ்வொரு அடியும் சரியான அடி. சேவியர் வாரம் ஒருதடவை வந்து, மேசைக்கு எதிரே துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் அவரிடம் முதல் நாளே சொன்னது: "மொதல்ல ஸ்கெட்ச் கொண்டு வாரும். எடம் யாருக்கதுன்னு தெரியாம நான் எப்பிடி அனுமதி தர?"

அனுமதி ஜனவரியில் கிடைத்தது. வாங்கிப் படித்தார். முகத்தில் ஒரு கோணலும் இல்லை.

"சாரே, இத அடுத்த கிறிஸ்துமஸுக்கு வச்சுக்கிடலாமா? இல்ல, வச்சுக்கிடுததுக்கும் ஒரு மனு போடணுமா?"

அலுவலகம் முழுவதும் சிரித்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அனுமதி நடப்பு நிதியாண்டுக்கு, அதாவது மார்ச் வரை மட்டுமே செல்லும் என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். அவர் அந்த வருடம் வளைவுக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும்படி எந்த விதியும் இல்லை.

7

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு எய்மி ஒரு பெரிய பையோடு வந்தாள். உள்ளே பிளாஸ்டிக் வளையம். பச்சை ஊசியிலை, சிவப்பு உருண்டைகள், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். இனி பாட்டி கஷ்டப்பட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

"கொள்ளாம், நல்லாருக்கு, மக்களே" என்றாள் லீலா. கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். அவர்கள் போனதும் அதைத் துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். பகல் மூன்று மணிக்கு அவள் படுத்து நான் கண்டதில்லை.

மறுநாள் இரண்டாம் நினைவூட்டலுக்கு உறை தேடினேன். இந்தத் தடவை தபாலிலேயே அனுப்புவது என்று முடிவு. சாப்பாட்டு மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். உறை இல்லை. உள்ளே காகிதப் பின்னல்கள். கடை விளம்பரத் தாள்களை நீளநீளமாகக் கிழித்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மடக்கி, ஓலை பின்னுவது போலவே பின்னியவை. முப்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். நான் காலையில் நடக்கப் போயிருக்கும்போது தினமும் ஒன்றாகச் செய்து பார்த்திருக்கிறாள். விரல் இன்னும் கேட்கிறதா என்று.

கோப்பைக் கீழிருந்து மேலாகப் படிப்பது என் பழக்கம். அடியில் இருந்தவை நேராக, இறுக்கமாக, சடைபோல இருந்தன. நடுவில் இருந்தவற்றில் இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. கடைசி நாலைந்தை மடிப்பு என்றே சொல்ல முடியாது; வெறும் கசங்கல். ஆடு, கோழி விலை அச்சிட்ட தாள்கள். ஒவ்வொன்றிலும் சலுகை எந்த வாரத்துக்கு என்று தேதி இருந்தது. நவம்பர் பதினாலில் தொடங்கியது. என் மனுவுக்கு மறுநாள்.

நான் படித்த கோப்புகளிலேயே இவ்வளவு தெளிவாக ஒன்றும் இருந்ததில்லை. யாருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதுவரை அதில் இருந்தது.

இழுப்பறையை மூடினேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நல்ல வெயில். எதிர் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். நானும் கத்தரிக்கோலோடு கையை ஆட்டினேன். ஆறு ஓலை வெட்டினேன். மனுவில் எழுதியிருந்த அதே எண்ணிக்கை.

லீலா ஓலைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கடுதாசி வந்துதா?"

"இல்ல."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. பின்னு."

அவள் மடியில் துணியை விரித்து ஓர் ஓலையை எடுத்தாள். ஒரு மாதம் முன்பு துணிபோல இருந்த இலைகள் கம்பியாகியிருந்தன. மடக்கினால் நிமிர்ந்துகொண்டன, நுனி குத்தியது. அவள் விரலும் விறைப்பு, ஓலையும் விறைப்பு. இரண்டும் ஒன்றையொன்று கேட்கவில்லை. மூன்று மடிப்பு விழுந்தது. நாலாவது விழவில்லை. மறுபடி முயன்றாள். பெருவிரலில் ரத்தம் பொட்டு வைத்தது.

"முத்திப்போச்சு" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு நான் தரையில் உட்கார்ந்து ஓலைகளை வாங்கி, பின்னாமலே ஒன்றோடொன்று வளைத்துச் சேர்த்தேன். கட்ட நார் இல்லை. பழுப்புச் சணல் இருந்தது. எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று. அதைப் போட்டேன்.

"என்ன செய்யுதிய? ஃபைலு கெட்டுதியளா?"

"எனக்கு இதுதான் தெரியும்."

"இப்பிடியே ஒரு நம்பரும் போட்டு அலமாரியில அடுக்குங்க" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துச் சிரித்து கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் மாட்டினோம். வட்டம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் அன்று வந்த எய்மி அதைக் காற்று கொண்டுவந்து மாட்டிவிட்டதா என்று கேட்டாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

8

பண்டிகை முடிந்து, புது வருடமும் பிறந்து, வளையம் பழுத்துப் பழுப்பேறியது. நான் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறக்கும்போது அபராதக் கடிதத்தை எதிர்பார்த்தேன். வந்திருந்தால் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வந்தது வேறு. ஒரு பக்கக் கடிதம், இணைப்பு ஒன்று. விடுமுறைக் காலத் தாமதத்துக்கு வருத்தம். தாங்கள் குறிப்பிட்ட செடி, இணைப்பிலுள்ள வரைபடத்தின்படி, தங்கள் எட்டாம் எண் வீட்டின் தனி எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே விதி 11 இதற்குப் பொருந்தாது. அனுமதி எதுவும் தேவையில்லை.

வரைபடத்தை மேசையில் விரித்தேன். எல்லைக்கோடு செடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை நீளம் தள்ளிப் போனது. வேலி இல்லை, புல்லை வெட்ட நிர்வாகத்தின் ஆள் வருகிறான், ஆகவே பொது என்று நானே முடிவு செய்திருக்கிறேன். வந்தவர் போனவர் எல்லாரிடமும் முப்பத்தாறு வருடம் முதலில் ஸ்கெட்ச் கேட்டவன், என் வீட்டுக்கு ஸ்கெட்ச் கேட்கவில்லை. பினுவுக்குப் போன் செய்தேன். "அந்தப் பிளானா? வீடு வாங்கும்போ தந்தது எனக்க லேப்டாப்புல கெடக்கே. கேட்டிருந்தா அப்பமே அனுப்பியிருப்பேனே, அப்பா" என்றான். அன்றைக்கு அவனுக்கு அவசரம் இல்லை. எனக்குத்தான் வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

லீலாவிடம் மறைக்க நினைத்தேன். அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதத்தில் இல்லாததைக் குறிப்பில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முழுவதையும் வரிவரியாகத் தமிழில் வாசித்தேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நம்மளதுன்னு நீ மொத நாளே சொன்ன" என்றேன்.

"நான் சொல்லல்ல. கேட்டேன்."

கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். எழுந்து போய் வாசலிலிருந்த வளையத்தைக் கழற்ற முயன்றாள். என் முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. நான் போய் அவிழ்த்தேன். ஓலைகளை அவளே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். சணலை மட்டும் சுருட்டி என் கையில் தந்தாள்.

"செரி, அந்தக் கடுதாசியில கிட்டுன தேதி போட்டு வையுங்க" என்றாள். "இல்லேன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது."

மேசைக்குத் திரும்பி, பேனாவை எடுத்து, வலது மேல் மூலையில் எழுதினேன். பெறப்பட்டது: 9.1.2013.